தெளிந்த ஏரியில் பெரிய விரால்: குஞ்சோடு நிற்பதை விட்டுவிடுங்கள்

மழை ஓய்ந்து வண்டல் அடியில் படிந்தபின், மார்கழி, தை மாதங்களில் நம் ஏரி, குளங்களின் தண்ணீர் தெளிகிறது. கரையோரத்து வேலம்பாசி வேர்வரை கண்ணுக்குத் தெரிகிறது. பெரிய விரால் பிடிக்கும் ஆசை தூண்டில்காரர்களுக்குக் கிளம்பும் காலம் இது. மூங்கில் கழியும் உயிர்த் தவளையுமாக இருந்த இந்தத் தொழில் சில ஆண்டுகளில் பெரிதும் மாறிவிட்டது. ரீல் பொருத்திய கம்பும், பின்னல் நூலும், ரப்பர் தவளையும் இன்று கிராமத்து இளைஞர்களின் கைக்கு வந்துவிட்டன. விவசாய வேலை ஓய்ந்த மாலையில் ஒரு பொழுதுபோக்கு, கிடைத்தால் வீட்டுக்கு நல்ல குழம்பு. இதில் குறை சொல்ல எதுவும் இல்லை.

ஆனால் புதிய கருவிகளோடு இரண்டு தவறான போக்குகளும் வந்திருக்கின்றன. வெளிநாட்டுப் படங்களைப் பார்த்து, நம் ஏரிக்குப் பொருந்தாத பொய்யிரைகளைப் பெட்டி பெட்டியாக வாங்கிப் பணத்தைக் கரைப்பது ஒன்று. அவை பலன் தராதபோது, குஞ்சுக் கூட்டத்தைத் தேடிப்போய், அதன் கீழே காவல் நிற்கும் விராலைப் பிடித்துப் பெருமை கொள்வது மற்றொன்று. முதலாவது தூண்டில்காரரின் பணத்துக்கு நட்டம். இரண்டாவது ஏரிக்கே நட்டம். பொய்யிரையைத் தேர்ந்தெடுக்கத் தெரிந்தவருக்குக் குஞ்சோடு நிற்கும் மீனைத் தேடிப்போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

பாஸ் மீனுக்குச் செய்த இரை

இன்று கடைகளில் விற்கும் பொய்யிரைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவின் பாஸ் மீனை மனத்தில் வைத்து உருவானவை. மிச்சிகன் மாநிலத்தில் வாழ்ந்த ஜேம்ஸ் ஹெட்டன் என்பவர் 1890களில் மரத்தில் தவளை செதுக்கிப் பாஸ் பிடித்ததையே இந்தத் தொழிலின் தொடக்கமாகப் பலரும் குறிப்பிடுகிறார்கள். இன்றைய ரப்பர் தவளை அந்த மரத் தவளையின் வழித்தோன்றல்தான்.

பாஸும் விராலும் உறவு மீன்கள் அல்ல. எனினும் இரண்டும் பதுங்கியிருந்து பாயும் இயல்புடையவை. இரண்டும் தவளையை விழுங்கும். இரண்டும் குஞ்சைக் காக்கும். எனவே பாஸுக்குச் செய்த ரப்பர் தவளை விராலுக்கும் பொருந்திவிட்டது.

ஆனால் ஒரு முக்கியமான வேறுபாட்டைக் கடைக்காரர் சொல்வதில்லை. பாஸ் செவுளால் மட்டும் சுவாசிப்பது. தெளிந்த ஏரியில் வெயில் ஏறினால் அது பல அடி ஆழத்துக்கு இறங்கி அங்கேயே தங்கிவிடும். அதைத் தேடிப் போவதற்காகவே ஆழ்ந்து மூழ்கும் பொய்யிரைகளையும், ஈயம் கட்டி அடியில் நிறுத்தும் முறைகளையும் அவர்கள் உருவாக்கினார்கள். விராலோ தலைக்குள் உள்ள காற்றறையால் சுவாசிக்கும் மீன். சிறிது நேரத்துக்கு ஒருமுறை மேலே வந்து காற்றை விழுங்கியே தீர வேண்டும். வர முடியாமல் தடுத்தால் தண்ணீருக்குள்ளேயே மூச்சு முட்டிச் செத்துவிடும். ஆகவே தண்ணீர் எவ்வளவு தெளிந்தாலும் விரால் ஆழத்துக்குப் போய்க் குடியிருப்பதில்லை. கரையோரத்தில், பாசி நிழலில், முழங்கால் ஆழத்தில்தான் அதைத் தேட வேண்டும். அங்கே ஆழ்ந்து மூழ்கும் இரையை எறிந்தால், அதன் அடியில் தொங்கும் மும்முள் பாசியை வாரிக்கொண்டு வரும். அது பாஸ் ஏரியில் நல்ல கருவி. நம் ஏரியில் வீண் செலவு.

விலை கூடிய இரைதான் பெரிய மீனைத் தரும் என்ற எண்ணமும் தவறு. பாஸ் மீனின் உலகச் சாதனையையே பாருங்கள். 1932ஆம் ஆண்டு ஜூன் 2ஆம் தேதி அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஜார்ஜ் பெர்ரி என்ற இளம் விவசாயி 22 பவுண்டு 4 அவுன்ஸ் எடையுள்ள பாஸைப் பிடித்தார். நம் கணக்கில் சுமார் 10 கிலோ 90 கிராம். அன்று அவரும் அவருடைய நண்பரும் ஒரே பொய்யிரையை மாற்றி மாற்றி எறிந்தார்கள் என்று அந்த வரலாறு கூறுகிறது. 77 ஆண்டுகள் கழித்து, 2009 ஜூலை 2ஆம் தேதி ஜப்பானின் பிவா ஏரியில் மனாபு குரிட்டா என்பவர் 10 கிலோ 120 கிராம் எடையில் ஒரு பாஸ் பிடித்து அந்தச் சாதனையைச் சமன் செய்தார். அவர் கோத்தது அந்த ஏரியிலேயே வாழும் சிறு மீனை. இருவருமே பெட்டி நிறைய இரை வைத்துக்கொண்டு சாதித்தவர்கள் அல்லர்.

தெளிந்த நீரில் மீன் பார்க்கிறது

கலங்கிய நீரில் விரால் சலசலப்பையும் அதிர்வையும் கொண்டு இரையைத் தேடுகிறது. தெளிந்த நீரில் கண்ணால் தேடுகிறது. இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே தேர்வு முறை முழுவதும் பிறக்கிறது.

கண்ணால் தேடும் மீன் முதலில் உங்களைப் பார்க்கும். ஏரிக்கரையின் உச்சியில் வானத்துக்கு எதிராக நிற்பவர் எவ்வளவு நல்ல இரையை எறிந்தாலும் பெரிய விரால் நகர்ந்துவிடும். வயது முதிர்ந்த மீன் அந்த வயதை எட்டியதே எச்சரிக்கையால்தான். எனவே கரையின் சரிவில் இறங்கி, புதரையோ தாழையையோ பின்னணியாகக் கொண்டு நிற்க வேண்டும். சூரியன் முதுகுப்புறம் இருந்தால் உங்கள் நிழல் தண்ணீரில் விழும். ஆகவே நிழல் பின்னால் விழும்படி இடத்தை மாற்றிக்கொள்ளுங்கள். நடையும் மெதுவாக இருக்க வேண்டும். கரை மண்ணின் அதிர்வு தண்ணீருக்குள் போய்ச் சேரும். வெள்ளைச் சட்டையைவிட மங்கிய பச்சை அல்லது காக்கி நிறச் சட்டை ஏற்றது.

அடுத்து, மீன் இரையைக் கீழேயிருந்து மேலே பார்க்கிறது என்பதை மறக்கக் கூடாது. கடையில் ரப்பர் தவளையை எடுத்ததும் எல்லோரும் அதன் முதுகைத்தான் பார்க்கிறார்கள். முதுகில் தீட்டிய கோடும் புள்ளியும் வாங்குபவரைப் பிடிப்பதற்கு. மீனைப் பிடிப்பது வயிற்றின் நிறமும், வானத்துக்கு எதிராகத் தெரியும் அதன் உருவமும்தான். எனவே வாங்கும்போது தவளையைத் திருப்பி வயிற்றைப் பாருங்கள்.

எந்தத் தவளை, எப்போது?

வெயில் உள்ள காலையிலும் மாலையிலும், தெளிந்த நீரில், வெள்ளை அல்லது மங்கிய மஞ்சள் வயிறுள்ள தவளை ஏற்றது. நம் வயல் தவளையின் வயிறும் ஏறத்தாழ அந்த நிறம்தான். பொழுது சாய்ந்து வெளிச்சம் மங்கும் நேரத்தில் கறுப்புத் தவளை சிறந்தது. மங்கிய வானத்துக்கு எதிராக கறுப்பு உருவமே தெளிவாகத் தெரியும். மழை பெய்து நீர் கலங்கியிருந்தாலும் கறுப்பே உதவும். இந்த இரண்டு நிறங்கள் இருந்தால் ஒரு பருவத்தை ஓட்டிவிடலாம். சிவப்பு, ஊதா, மினுமினுக்கும் ஆரஞ்சு என்று வாங்கிக் குவிக்க வேண்டியதில்லை.

அளவைப் பொறுத்தவரை, அந்த ஏரிக்கரையில் துள்ளும் தவளையின் அளவே அளவு. உடல் 5 முதல் 6 சென்டிமீட்டரும், எடை 10 முதல் 15 கிராமும் இருந்தால் போதும். இரட்டை முள் தவளையின் முதுகோடு ஒட்டிப் படுத்திருக்க வேண்டும். அப்போதுதான் தாமரை இலை மேலும் ஆகாயத்தாமரை மேலும் சிக்காமல் நகரும். விரால் கடிக்கும்போது உட்குழிவான உடல் அமுங்கி முள் வெளிப்படும். வாங்கும் முன் விரலால் அமுக்கிப் பாருங்கள். எளிதில் அமுங்காத கெட்டி ரப்பராக இருந்தால் கடி விழும், மீன் விழாது.

வாய் குழிந்து, இழுத்தால் தண்ணீரை அடித்துச் சத்தம் எழுப்பும் வகையும் உண்டு. காற்றடித்து நீரில் சிற்றலை இருக்கும்போது அது நல்லது. அசைவற்ற தெளிந்த நீரில் அந்தச் சத்தமே மீனை விரட்டும். அங்கே கூர்மூக்குத் தவளைதான் ஏற்றது. சுழலும் தகடு கட்டிய இரையும் கலங்கல் நீருக்கும் காற்று நாளுக்கும் உரியது. உச்சி வெயிலில் அதன் பளபளப்பு மிகையாகிவிடும். பாசி இல்லாத திறந்த இடத்தில், குறிப்பாக மதகு வாயிலிலும் கலிங்குக்கு அருகிலும், சிறு மீன் வடிவ ரப்பர் இரையை ஒற்றை முள்ளை உடலுக்குள் மறைத்து மெதுவாக இழுக்கலாம். விரால் தவளையை மட்டும் தின்பதில்லை. கெண்டைப் பொடியும் திலேப்பியாக் குஞ்சும் மிகுந்த ஏரியில் மீன் வடிவமே சிறந்தது. கரையில் அரை மணி நேரம் உட்கார்ந்து, அங்கே எது துள்ளுகிறது, எது கூட்டமாக ஓடுகிறது என்று பார்த்துவிட்டு இரையைக் கட்டுபவர், பெட்டி நிறைய வைத்திருப்பவரைவிட முன்னே நிற்பார்.

நூலுக்கு 30 முதல் 40 பவுண்டு தாங்கும் பின்னல் நூல் போதுமானது. பாசி அடர்ந்த இடத்தில் அதையே நேராகக் கட்டலாம். திறந்த தெளிநீரில் மட்டும், நுனியில் ஒரு மீட்டர் அளவுக்குக் கனமான, நிறமற்ற நைலான் நரம்பைச் சேர்த்துக் கட்டுவது நல்லது. பின்னல் நூல் தண்ணீரில் கோடு போட்டதுபோல் தெரியும். நைலான் அவ்வளவு தெரியாது.

ரப்பர் தவளையில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. உயிர்த் தவளையை முள்ளில் கோக்கும் பழைய வழக்கத்தை அது குறைக்கிறது. தவளை வயலின் காவல்காரன். பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது. தவளைக் கால் ஏற்றுமதியை 1987ல் மத்திய அரசு தடை செய்ததற்கு அந்தக் கவலையும் ஒரு காரணம். ஒரு ரப்பர் தவளை ஒரு பருவம் முழுவதும் உழைக்கும். உயிர்த் தவளையானால் ஒரு பருவத்துக்கு எத்தனை வேண்டியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எறியும் முறை

விரால் காற்று விழுங்க வந்த இடத்தில் வட்டம் தெரியும். அந்த வட்டத்தின் நடுவே எறிவது புதியவர்களின் பழக்கம். தெளிந்த நீரில் அது மீனைத் துரத்துவதற்கே சமம். வட்டத்துக்கு அப்பால் பத்து, பதினைந்து அடி தள்ளி எறிய வேண்டும். கூடுமானால் இரையைத் தண்ணீரில் நேரே போடாமல் இலை மேலோ பாசி மேலோ போட்டு, அங்கிருந்து தவளை குதிப்பதுபோல் நீரில் இறக்க வேண்டும். எழுந்த அலை அடங்கும் வரை பொறுத்திருங்கள். பிறகு ஒரு சாண் நகர்த்தி நிறுத்துங்கள். பாசிக்கு இடையே கண் போலத் திறந்திருக்கும் இடங்களில் இன்னும் சற்று நேரம் நிறுத்துங்கள். பெரிய விரால் பெரும்பாலும் நிற்கும் இரையைத்தான் அடிக்கிறது.

அடி விழுந்ததும் கையை இழுத்துவிடக் கூடாது. தண்ணீர் வெடிக்கும் சத்தத்தில் பதறி இழுத்துத் தவறவிட்ட மீன்களே அதிகம். கம்பின் நுனியைத் தாழ்த்தி, நூலின் தொய்வைச் சுற்றி எடுத்து, ஒன்று, இரண்டு என்று எண்ணும் நேரம் கழித்து உறுதியாக இழுக்க வேண்டும். முள் பிடித்துவிட்டால் பிறகு தாமதம் கூடாது. தலையைத் தூக்கவைத்துப் பாசி மேலாகவே கொண்டுவர வேண்டும். ஒருமுறை தலையைக் கீழே திருப்பிப் பாசிக்குள் புகுந்துவிட்டால் மீனும் போகும், இரையும் போகும். அடித்துத் தவறிய விரால் திரும்பவும் வருவதுண்டு. சில நிமிடம் இடத்தைக் கலக்காமல் விட்டு, அதே வழியில் மறுபடி எறிந்து பாருங்கள்.

சூரியன் ஏறும் முன் இரண்டு மணி நேரமும், இறங்கியபின் ஒரு மணி நேரமும் சிறந்தவை. மேகமூட்டம் உள்ள நாளில் பகலிலும் பார்க்கலாம். கல் எடுத்துக் கைவிட்ட குட்டைகளின் நீர் மிகத் தெளிவாக இருக்கும். ஆனால் அந்தத் தெளிவில் ஆழம் தெரியாது. கரை செங்குத்தாக இறங்கும். அங்கே சிறுவர்களைத் தனியே அனுப்ப வேண்டாம். எந்த ஏரியானாலும் குத்தகைதாரரின் அல்லது ஊராட்சியின் அனுமதி பெற்றே தூண்டில் போட வேண்டும் என்பதையும் நினைவில் கொள்க.

செம்மண் தூறல்

இனி இக்கட்டுரையின் முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

மழைக் காலத்தில் விரால் கரையோரப் பாசியை விலக்கி இடம் செய்து முட்டையிடுகிறது. முட்டைகள் நீர்மேல் மிதக்கும். ஓரிரு நாளில் குஞ்சு பொரித்துவிடும். குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில் ஆயிரக்கணக்கில் ஒரே கூட்டமாகத் திரியும். அவையும் காற்று விழுங்கக் கூட்டத்தோடு மேலே வருவதால், அந்த இடத்தில் மட்டும் பொடித் தூறல் விழுவதுபோல் நீர் சிலிர்க்கும். செம்மண் கரைத்த நிறத்தில் ஒரு திட்டு நகர்வதுபோல் தோன்றும். அதன் அடியில் பெற்ற மீன் காவல் நிற்கிறது. குஞ்சுகள் விரல் நீளம் வளர்ந்து, நிறம் மாறிப் பிரிந்து போகும் வரை, சில வாரங்களுக்கு இந்தக் காவல் நீடிக்கிறது.

மழை ஓய்ந்து நீர் தெளியும் நாட்களும், இந்தக் காவல் நாட்களும் பல ஏரிகளில் ஒன்றன்மேல் ஒன்று விழுகின்றன. கலங்கிய நீரில் மறைந்திருந்த கூட்டம் தெளிந்த நீரில் கரையில் நிற்பவர் கண்ணுக்கு நன்றாகத் தெரிகிறது. அதைக் கண்டவுடன் தூண்டில்காரர் அதன் நடுவே தவளையை எறிகிறார். தாய் பாய்ந்து அடிக்கிறது. இரண்டு, மூன்று எறிதலில் மீன் கரைக்கு வந்துவிடுகிறது. புகைப்படமும் எடுக்கப்படுகிறது.

இதில் திறமை எங்கே இருக்கிறது? அந்த மீன் பசியால் அடிக்கவில்லை. குஞ்சுக்கு அருகில் வந்ததை விரட்ட அடிக்கிறது. அப்போது வயிற்றின் நிறமும் வேண்டாம், அளவும் வேண்டாம், நிழலும் வேண்டாம். எதை எறிந்தாலும் அடிக்கும். பொய்யிரை தேர்ந்தெடுக்கும் கலைக்கு அங்கே இடமே இல்லை. 'இறாலைப் போட்டு விராலைப் பிடிப்பது' என்பது நம் பழமொழி. சிறியதைக் கொடுத்துப் பெரியதைப் பெறுவது அதன் பொருள். குஞ்சோடு நிற்கும் விராலைப் பிடிப்பவர் இதற்கு நேர்மாறாக நடக்கிறார். ஒரு மீனைப் பெற, வரவிருந்த நூற்றுக்கணக்கான மீன்களைக் கொடுத்துவிடுகிறார்.

காவல் போன குஞ்சுக் கூட்டத்தின் கதி என்னவென்று சொல்லத் தேவையில்லை. குறவை, கெளுத்தி, திலேப்பியா, தண்ணீர்ப் பாம்பு, மீன்கொத்தி என்று தின்பவை ஏராளம். கூட்டமாகத் திரிவதும், கண்ணைப் பறிக்கும் நிறமும் தாய் இருக்கும் வரைதான் பாதுகாப்பு. தாய் போனபின் அவையே ஆபத்து.

பாஸ் மீனிலும் இதே சிக்கல் உண்டு. அங்கே ஆண் மீன் கூட்டைக் காக்கிறது. தெளிந்த ஏரியில் கூடு கண்ணுக்குத் தெரிவதால் வசந்த காலத்தில் அதைப் பிடிப்பது எளிது. ஆண் மீனைச் சிறிது நேரம் அகற்றினாலே சிறு மீன்கள் கூட்டுக்குள் புகுந்து முட்டைகளைத் தின்றுவிடுவதை அங்குள்ள ஆராய்ச்சியாளர்கள் பார்த்துப் பதிவு செய்திருக்கிறார்கள். கனடாவில் தென் ஒண்டாரியோவில் பாஸ் கூடு காக்கும் நாட்களில் அதைப் பிடிக்கவே தடை இருக்கிறது. அவர்களுடைய ரப்பர் தவளையை நாம் வாங்கிக்கொண்டோம். அவர்களில் ஒரு சாரார் கடைப்பிடிக்கும் இந்தக் கட்டுப்பாட்டையும் சேர்த்து வாங்கியிருக்க வேண்டும்.

சொல்லப்படும் காரணங்கள்

நான் பிடிக்காவிட்டால் வலைக்காரர் பிடித்துவிடுவார் என்கிறார்கள். வலையில் எல்லா மீனும் தப்பாமல் விழுவதில்லை. விரால் சேற்றில் புதைந்தும், பாசிக்குள் ஒளிந்தும் தப்பும் மீன். குஞ்சுக் கூட்டத்தைக் குறிவைக்கும் தூண்டிலோ பெற்ற மீனை மட்டுமே தேடி எடுக்கிறது. வலை செய்யாத தேர்வை இது செய்கிறது. அதனால்தான் எண்ணிக்கையில் சிறிதானாலும் சேதத்தில் பெரிது.

சித்திரையில் ஏரி வற்றிவிடும், பிறகு குஞ்சு இருந்தென்ன, போயென்ன என்று கேட்பவர்களும் உண்டு. வற்றும் ஏரியிலும் மடுவிலும், மதகடிக் குழியிலும், ஈரச் சேற்றிலும் விரால் பிழைத்துக் கிடந்து, அடுத்த மழைக்கு எழுந்து வருவதை கிராமத்தில் எல்லோரும் பார்த்திருக்கிறார்கள். வற்றும் முன்பே ஒரு சாண் வளர்ந்த விரால் ஊருக்கு மீனாகக் கிடைக்கும். குஞ்சிலேயே அழிந்தது யாருக்கும் கிடைக்காது.

விரால் மற்ற மீன்களின் குஞ்சைத் தின்னும் பகை மீன், அதைப் பாதுகாக்கலாமா என்பது மீன் வளர்ப்போரின் கேள்வி. இதில் நியாயம் உண்டு. கட்லா, ரோகு குஞ்சு வளர்க்கும் நாற்றங்கால் குளத்தில் விராலுக்கு இடம் கொடுக்கக் கூடாது. அங்கே இலுப்பைப் புண்ணாக்கு இட்டுப் பகை மீன்களை முன்கூட்டியே அகற்றிவிடுவதே முறை. ஆனால் ஊர்ப் பொது ஏரியின் நிலை வேறு. திலேப்பியா பெருகி, பெருகியதெல்லாம் குட்டையாகவே நின்றுவிட்ட ஏரிகள் நம்மிடம் ஏராளம். அங்கே திலேப்பியாக் குஞ்சைத் தின்று கட்டுக்குள் வைக்கும் மீன்களில் விராலும் ஒன்று. கெண்டை இனங்களையும் விரல் நீளத்துக்கு மேல் வளர்த்து விட்டால் சேதம் பெரிதும் குறையும்.

விரால் வளர்ப்பில் இறங்கியிருக்கும் விவசாயிகள் இன்னொரு செய்தியையும் எண்ணிப் பார்க்க வேண்டும். விராலுக்குச் சந்தையில் எப்போதும் நல்ல விலை. உயிரோடு விற்க முடிகிற மீன். ஆனால் நல்ல குஞ்சு கிடைப்பதுதான் தட்டுப்பாடு. ஊசி போட்டு முட்டையிடச் செய்யும் முறை வந்திருந்தாலும், குஞ்சுகள் ஒன்றையொன்று தின்பதால் வளர்த்தெடுப்பது எளிதன்று. 1988ல் இந்தியாவுக்குள் நுழைந்த புண் நோயும் விரால் இனத்தைக் கடுமையாகத் தாக்கியது. இந்த நிலையில் ஏரியில் இயற்கையாகக் கிடைக்கும் ஒவ்வொரு குஞ்சுக் கூட்டமும் நம் சொத்து. அதைக் காக்கக் கூலி வாங்காமல் நிற்கும் காவலாளியை நாமே பிடித்துப் போடுவது எந்தக் கணக்கிலும் சேராது.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது?

விரால் பிடிக்கவே கூடாது என்று நான் சொல்லவில்லை. விரால் உணவு மீன். உண்பதற்காகப் பிடிப்பதில் தவறில்லை. மூன்று விதிகள் போதும்.

முதலாவது, செந்நிறக் குஞ்சுக் கூட்டம் தெரிந்தால் அந்தப் பக்கத்தில் தூண்டில் போடாமல் ஐம்பது அடியாவது விலகிப் போவது. தெரியாமல் எறிந்து மீன் மாட்டிவிட்டால், அதே இடத்தில் உடனே விட்டுவிடுவது. எடை பார்க்கவும் படம் எடுக்கவும் தூக்கிக்கொண்டு போனால் அதற்குள் கூட்டம் கலைந்துவிடும்.

இரண்டாவது, ஒரு அடிக்குக் குறைந்த விராலை விட்டுவிடுவது. அந்த அளவில் உள்ளவற்றில் பல இன்னும் ஒருமுறைகூட முட்டையிட்டிருக்காது.

மூன்றாவது, மிகப் பெரிய மீன் கிடைத்தால், இரண்டு கிலோவைத் தாண்டியதென்றால், விட்டுவிடுவதைப் பற்றி யோசிப்பது. வீட்டுக் குழம்புக்கு முக்கால் கிலோ, ஒரு கிலோ மீனே சுவையானது. பெரிய பெண் மீனோ அதிக முட்டையிடுவது. இதை நான் கட்டாயமாகச் சொல்லவில்லை. முதல் இரண்டையும் கட்டாயமாகவே சொல்கிறேன்.

விடுவதற்கும் முறை இருக்கிறது. முள் நுனியில் பின்னோக்கி நிற்கும் சிறு கூரைக் குறடால் முன்பே நசுக்கி வைத்தால், வாயைக் கிழிக்காமல் முள்ளைக் கழற்றலாம். கையை நனைத்துக்கொண்டு மீனைப் பிடிக்க வேண்டும். துணியால் துடைத்தும், மணலில் புரட்டியும் விட்டால் உடலின் வழவழப்புப் போய்ப் புண் காணும். சுடு மண்ணில் போடக் கூடாது. காற்றை சுவாசிக்கும் மீனாதலால், ஈரத்தோடு பார்த்துக்கொண்டால் விரால் நன்றாகப் பிழைத்துக்கொள்ளும். மற்ற பல மீன்களுக்கு இந்த வசதி இல்லை.

இதைத் தனி மனிதரின் நல்லெண்ணத்துக்கு மட்டும் விட்டுவிடக் கூடாது. ஏரி ஊருக்குச் சொந்தம். குத்தகைதாரர், தூண்டில் போட அனுமதி கொடுக்கும்போதே குஞ்சுக் கூட்டத்தைத் தொடக் கூடாது என்று நிபந்தனை போடலாம். வடகிழக்குப் பருவமழைக்குச் சற்று முன்னதாக அக்டோபர் 2ஆம் தேதி கிராம சபை கூடுகிறது. ஏரி வரத்துக் கால்வாய் தூர் வாருவதைப் பற்றிப் பேசும் அதே கூட்டத்தில், ஐப்பசி முதல் தை வரை குஞ்சோடு நிற்கும் விராலை யாரும் பிடிக்கக் கூடாது என்று ஒரு தீர்மானம் போடுவதற்குச் செலவு எதுவும் இல்லை. மதகடியில் ஒரு பலகை எழுதி வைத்தால் வெளியூரிலிருந்து வருபவர்களுக்கும் தெரியும். ஊர் இளைஞர்களில் தூண்டிலில் ஆர்வமுள்ள நான்கு பேரிடம் இந்தப் பொறுப்பை ஒப்படைத்தால், ஏரியை அவர்களைவிட நன்றாகக் கவனிப்பவர் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.